மேற்கு ஜன்னலைத் தவிர

"ஜன்னல மட்டும் மாத்திடுங்க. இந்தத் தூசியும் கடகட சத்தமும் இல்லன்னா நான் பாட்டுக்கு வந்து இருந்துடுவேன்."

போன தடவை லீவு முடிந்து கிளம்பும்போது ஃப்ளோரா சொன்ன வார்த்தை இது. பெட்டிக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே வாய்ப்போக்கில் சொன்னாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஃப்ளோரா என் மனைவி. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். கே.ஜி.எஃப் தங்க மைன்ஸை மூடி எங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, மகள் லவினா படிக்க வேண்டும், அடுப்பு எரிய வேண்டும் என்று கிளம்பியவள். "ரெண்டு வருஷந்தாங்க" என்றாள். அந்த ரெண்டு வருஷம் ரப்பராக இழுத்துக்கொண்டே போனது. பிறகு லவினாவும் அங்கே போனாள். அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே ஒரு குழந்தை. நான் மட்டும் இங்கே மைசூர் மைன்ஸ் குடியிருப்பில், என் அப்பா காலத்துக் கல்வீட்டில், ஒரு டம்ளர் அரிசியைப் பொங்கித் தின்றுகொண்டிருக்கிறேன்.

"கொர்னேலியஸ், நீயும் அங்க போய் இருக்க வேண்டியதுதானே?" என்று சர்ச்சுக்கு வருகிறவர்களில் கேட்காத ஆள் இல்லை. போனேனப்பா, போனேன். ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். சாயங்கால டீ குடிப்பதற்குள் இருட்டிவிடுகிற ஊர் அது. பாதி ஆயுசைப் பூமிக்கு அடியில் பம்ப் ஃபிட்டராகக் கழித்தவன் நான். மிச்சத்தையும் இருட்டில் கழிக்க என்னால் ஆகாது. ஃப்ளோரா பாவம், கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் அங்கே வெயில் எட்டிப் பார்க்கிற அரைமணி நேரம் அவள் ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்கு நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற வீடுகளில் உண்டா தெரியாது. ஆம்பளை ஷிஃப்டுக்காக, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜில் இறங்கியிருக்கும்போது வீட்டில் எல்லா வேலையையும் முடித்துவிடக் கூடாது. ஏதாவது ஒன்றைக் குறை வைக்க வேண்டும். அப்பா குடித்துவிட்டுப் போன டீ டம்ளரை அவர் திரும்பி வரும்வரை அம்மா கழுவ மாட்டாள். "வேலையெல்லாம் முடிஞ்ச ஊட்டுக்கு ஆளு இன்னாத்துக்குத் திரும்பணும்?" என்பாள். ஃப்ளோரா நர்ஸ் படிப்பு படித்தவள் இல்லையா, கல்யாணமான புதிதில் இதற்குச் சிரித்தாள். ஒரு நாள் சுரங்கத்தில் நாங்கள் வேலை பார்த்த ஆழத்தில், எங்கள் லெவலில், பாறை வெடித்து, நான் மேலே வர ரொம்ப நேரமானது. அதன் பிறகு அவளும் என் டம்ளரைக் கழுவவில்லை.

அவள் முதல்முதலாக விமானம் ஏறிய அன்று, அவள் காபி குடித்த கப்பை நானும் அப்படியே வைத்தேன். எறும்பு மொய்த்தது. பிறகு பூஞ்சை பிடித்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, அடை வெச்சிகிறியா? குஞ்சு பொரிக்குமா?" என்று கேட்டாள். கழுவிக் கவிழ்த்துவிட்டேன். ஷிஃப்ட் முடிந்தால் கேஜ் மேலே வந்துவிடும். விமானத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

இந்த வருஷம் விஷயம் வேறு. மே மாதத்தோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. "வந்து பாக்கறேன். ஒத்து வந்தா அங்கேயே இருந்துடறேன்" என்று அவளே போனில் சொன்னாள். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் காலையிலேயே ராபர்ட்சன்பேட்டையில் சுனிலின் கடையில் போய் நின்றேன்.

சுனில் ஜன்னல் போடுகிறவன். வாய் ஓயாத பையன். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து அடிப்பான். மரமே இல்லாத வெள்ளை ஃபிரேம், அதில் ஒன்றுக்கு இரண்டாகக் கண்ணாடி, நடுவில் கொஞ்சம் காற்று, ஓரமெல்லாம் ரப்பர். தூசி வராது, சத்தம் வராது, சூடும் அவ்வளவு சுலபத்தில் தாண்டாது, கரண்டும் மிச்சம் என்றான். பிறகு ஒரு பெரிய பல்பைப் போட்டு அதன் முன்னால் இரண்டு கண்ணாடிகளை நிறுத்தினான்.

"கைய வைங்க அங்கிள்."

முதல் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைத்தேன். லேசான நீலம். பல்பு எரிகிறதே தவிர கை சுடவில்லை. இரண்டாவது, கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தெளிவு. உள்ளங்கை சுருக்கென்றது.

"மொதலாவது வெயில வெளியவே நிறுத்திடும். ரெண்டாவது வெயில உள்ள வுட்டு, அப்புறம் சூட்ட வெளிய போக வுடாது. அது குளிர் நாட்டுக்காரங்க போடறது. நம்ம ஊருக்கு மொதலாவதுதான் பெஸ்ட் அங்கிள். ஆனா நீங்க எது கேட்டாலும் போட்டுத் தரேன்" என்றான். வியாபாரி அல்லவா!

ஃப்ளோராவை வீடியோவில் கூப்பிட்டேன். அவள் சமையலறையில் கோட்டும் குல்லாவுமாக நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் மழை வழிந்தது. இரண்டு கண்ணாடிகளையும் காட்டினேன்.

"ஐயோ, அந்த நீலம் வேணாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி கீது. தெளிவா கீதே, அது போடுங்க. வெயில் நல்லா உள்ள வரணும். ஹால்ல மேற்குப் பக்கம் ரெண்டு ஜன்னல் கீதே, அத இடிச்சிப் பெருசா ஒரே கண்ணாடியா வெச்சிடுங்க. எந்த ஜன்னலும் தொறக்கற மாதிரி வேணாம். தொறப்பு வெச்சா அங்கதான் சூடெல்லாம் வெளிய பூடும்."

சூடு வெளியே போய்விடக் கூடாதாம். கே.ஜி.எஃப்பில்!

சுனில் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியாதா? கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள், "சாயங்காலம் அந்த வெயில்ல நாற்காலி போட்டு, நாம ரெண்டு பேரும் டீ குடிக்கலாங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். எத்தனை வருஷமாயிற்று, இந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது அவள் அப்படிச் சிரித்து! நான் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன்.

"ரெண்டாவதே போடுப்பா" என்றேன் சுனிலிடம்.

பிப்ரவரியில் வேலை நடந்தது. பழைய மரச் சட்டங்களைப் பெயர்த்தபோது சந்துகளிலிருந்து மடித்த அட்டைத் துண்டுகள் விழுந்தன. பூமிக்கு அடியில் சுரங்கத்தில் வெடி வைக்கும்போதெல்லாம் ஜன்னல் ஆடும். ஆடாமல் இருக்க அப்பா சொருகியவை. சுனிலின் ஆட்கள் வெள்ளை ஃபிரேமை நிறுத்தி, சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நுரையை அடைத்து, மேலே பசை பூசி முடித்தார்கள். சமையலறை ஜன்னலை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாளிக்கிற புகை எங்கே போகும்?

"ஆய்த்து அங்கிள்" என்று சுனில் கடைசிக் கண்ணாடியைப் பொருத்தினான். அப்படி ஒரு அமைதி. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிவைத்த சயனைடு மேட்டிலிருந்து காற்று வாரிக்கொண்டு வருகிற மணல் தூசி கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. மேஜையில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், சுத்தம். ரத்தினம்மா வாசலில் நின்று என் பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். எனக்குக் கேட்கவே இல்லை. "கண்ணாடித் தொட்டி மீனு கணக்கா உள்ள நீந்திகினு கீறியே!" என்று திட்டிவிட்டுப் போனாள். ஃப்ளோராவுக்கு வீடியோவில் சுற்றிக் காட்டினேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் பிறந்தது. சாயங்கால வெயில் மேற்குக் கண்ணாடி வழியாக உள்ளே வந்து ஹாலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. வந்த சூடு போகவில்லை. எப்படிப் போகும்? போகக் கூடாது என்றுதானே பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறோம்! சுவர் சுட்டது, கட்டில் சுட்டது, ஃபேனைப் போட்டால் அனல் சுற்றியது. நூறாவது லெவலில் வேலை பார்த்தவன் நான். அங்கே பாறையே கொதிக்கும். ஆனால் மேலேயிருந்து குளிர்ந்த காற்றை அனுப்புவார்கள். இங்கே யார் அனுப்புவது? பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அந்தப் பழைய ஜன்னலுக்குக் கீழே படுத்தால் கொஞ்சம் காற்று வரும், கூடவே தூசியும் வரும்.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுகினியே அண்ணா" என்றாள் ரத்தினம்மா. "ஃப்ளோராக்கா கீறப்ப, வெயில் காலத்துல சாக்க நனைச்சி அந்த ஜன்னல்ல தொங்க வுடுவாங்களே. அதயாவது செய்யேன்."

"வீடியோல தெரியும். அசிங்கமா இருக்கும்" என்றேன்.

"அப்ப வெந்து சாவு" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு சொம்பு மோரை வைத்துவிட்டுப் போனாள்.

போனில் ஃப்ளோரா கேட்பாள்: "எப்படிங்க கீது ஊடு?"

"ஜில்லுனு கீதும்மா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். வேறென்ன செய்ய? கட்டின வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, அவள் வர இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்ப்பேன். அவள் வந்துவிட்டால் போதும். வந்துவிட்டால் வெயிலாவது மண்ணாவது என்று இருந்தது எனக்கு.

மே மாதம் வந்தாள். பெங்களூர் விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சரியான சாயங்கால வெயில். நேராக மேற்குக் கண்ணாடியின் முன்னால் போய் நின்றாள். "என்ன அழகா கீது" என்று கண்ணாடியைத் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"ஏங்க, ஃபேன் போடுங்க."

"போட்டுத்தான் கீது."

"ஜன்னலத் தொறங்க."

"அது தொறக்காது."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள்.  நான் பின்னாலேயே ஓடினேன். பாயை எடுத்து ஒளித்து வைக்க மறந்துவிட்டிருந்தேன்.

"இது இன்னா?"

"பாய்."

"பாய்னு தெரியுது. தலகாணி, பைபிள், மூக்குக் கண்ணாடி எல்லாம் இங்க இன்னா பண்ணுது? எத்தன நாளா இங்க படுக்கறீங்க?"

"மார்ச்சுலேர்ந்து."

"ஜில்லுனு கீதுன்னு சொன்னீங்களே! தெனம் தெனம் சொன்னீங்களே! வாயில இன்னா, கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. சூட்டில் வெந்தவனுக்கு வராமல் யாருக்கு வரும்? "ஆமா, பொய்தான் சொன்னேன். வெயில் உள்ள வரணும்னு கேட்டது யாரு? வேணாம்னு நான் சொல்லியிருந்தா நீ இன்னா சொல்லியிருப்ப? 'சரி வுடுங்க, அந்த ஊடு எனக்கு ஒத்து வராது'ன்னு சொல்லியிருப்ப. வராம இருக்கறதுக்கு ஒரு சாக்கு, அத என் கையாலயே எடுத்து உனக்குக் குடுக்கணுமா? நீ வரணும் ஃப்ளோரா. எனக்கு அவ்ளோதான். ஊடு அடுப்பா இருந்தா இன்னா, ஆஸ்பத்திரியா இருந்தா இன்னா!"

அவள் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். நான் திட்டினதற்கு அழுகிறாள் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை.

"மேற்குல வெயில் எப்படி அடிக்கும்னு எனக்குத் தெரியாதாங்க? இந்த ஊட்டுல புள்ள பெத்து வளத்தவ நானு. சாக்க நனைச்சி நனைச்சி அந்த ஜன்னல்ல மாட்டினவ நானு. வெயில் வரணும், சூடு போகக் கூடாதுன்னு நான் எப்படிங்க சொன்னேன்? அங்க குந்திகினு, அங்க இருக்கற ஊட்டுக்கு ஜன்னல் பாத்திருக்கேன். இந்த ஊட்ட மறந்துட்டேன். நான் மறந்தே பூட்டேன்."

சமாதானம் சொல்லுகிற வித்தை எனக்கு வராது. அன்றைக்கும் ரத்தினம்மா வைத்துவிட்டுப் போயிருந்த மோரை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் சமையலறையிலேயே பாயை விரித்துக்கொண்டோம்.

மறுநாளிலிருந்து வேறு ஃப்ளோரா. ஒவ்வொரு அறையிலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெயில் எந்த ஜன்னலில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கவனித்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு சுனிலை வரச் சொன்னாள்.

"தம்பி, போன தடவ நான் சொன்னதெல்லாம் மறந்துடு."

"நான் அப்பவே அங்கிள்கிட்ட சொன்னேன் ஆன்ட்டி."

"சொன்னியா? கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாம்."

நீலக் கண்ணாடிக்கே சொன்னாள். எல்லாம் திறக்கிற கதவு, கூடவே தூசிக்கு நெருக்கமான வலை, வெளியே வெயில் மறைக்க ஒரு சின்னக் கூரை. எந்த ஜன்னலுக்கு எது என்று அவள் அவனோடு அறை அறையாக நடந்து பேசினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருக்கப் போகிறவள்தானே வீட்டுக்கு இவ்வளவு மெனக்கெடுவாள் என்று எனக்குள் ஒரு ஆசை. ஆசை யாரை விட்டது?

கண்ணாடி வரக் காத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் பேத்தமங்களாவுக்குப் பஸ் ஏறிப் போனோம். ஏரிக்கரையில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தோம். நல்ல காற்று. கடலைத் தோலை ஊதிவிட்டு அவள் சொன்னாள்.

"லவினாவுக்கு ஆகஸ்ட்ல டெலிவரி. மொதல் குழந்தைய வெச்சிகினு தனியா கஷ்டப்படுவா. வேல செய்யற எடத்துலயும் இன்னும் ஒரு வருஷம் இருங்கன்னு கேக்கறாங்க."

"ம்."

"போகணுங்க."

"போ."

"அப்புறம் வந்துடுவேன்."

"நீ எப்பவும் வந்துடுவன்னுதான் சொல்ற" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் கையிலிருந்த கடலையைப் பொட்டலத்தில் திரும்பப் போட்டுவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.  கெஞ்சியிருக்கலாம். கெஞ்சத் தெரிந்தவனாக இருந்தால் முதல் தடவையே கெஞ்சியிருப்பேன்.

அவள் கிளம்புவதற்கு முதல் நாள் சுனில் கண்ணாடியோடு வந்தான். படுக்கையறை, முன்னறை, லவினா படித்த அறை என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள். கழற்றிய பழைய கண்ணாடிகளைக் கடையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். மத்தியானத்துக்குள் வீட்டின் சூடு இறங்குவது உடம்பில் தெரிந்தது. ஜன்னலைத் திறந்தால் காற்று; மூடினால் அமைதி. சுனிலின் ஆட்கள் சாமான்களை மூட்டை கட்டினார்கள்.

"டேய், ஹால்ல மேற்கு இன்னும் கீதே?"

"அது ஆர்டர்ல இல்ல அங்கிள். ஆன்ட்டி வேணாம்னுட்டாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நெருப்பே அந்த ஜன்னல்தான்; அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினால் என்ன பிரயோஜனம்? உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஃப்ளோராவிடம் போய் நின்றேன்.

"மேற்க மறந்துட்டியா?"

"மறக்கல."

"பின்ன?"

அவள் ஒரு புடவையை மடித்து, பெட்டியில் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அது இருக்கட்டுங்க. அத நான் வந்து பாத்துக்கறேன்."

எனக்கு ஒரு கணம் கழுவாத டம்ளர்தான் கண்ணில் தெரிந்தது. அம்மாவும் சரி, இவளும் சரி, வீட்டில் இருந்துகொண்டு, போனவனுக்காக வேலையைக் குறை வைத்தவர்கள். இப்போது போகிறவளே குறை வைத்துவிட்டுப் போகிறாள்.   சாயங்காலம் அந்த மேற்கு ஜன்னல் முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டு, வேர்க்க வேர்க்க டீ குடித்தோம்.

அவள் போய்விட்டாள். ஆகஸ்டில் லவினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீடு இப்போது உண்மையிலேயே ஜில்லென்று இருக்கிறது. படுக்கையறைக்குத் திரும்பிவிட்டேன். ஹால் மட்டும் சாயங்காலமானால் அடுப்பு.

போன வாரம் சுனில் வந்தான். எங்கேயோ ஒட்டியது போக மிச்சமிருந்த கறுப்பு ஃபிலிமைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். "மேற்குக் கண்ணாடிக்கு இத ஒட்டிடறேன் அங்கிள். சூடு பாதியாயிடும். காசெல்லாம் வேணாம்."

"அதுல கை வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன்.

பையன் அரண்டு போனான். வேலியோரம் நின்றிருந்த ரத்தினம்மா, "வுட்டுடுப்பா, அந்த ஜன்னல மாத்த ஆளு வேற கீறாங்க" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் ஃப்ளோரா போன் பண்ணினால் சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறாள்.

"அந்த ஜன்னல் எப்படிங்க கீது?"

"கொளுத்துதும்மா."

"கொளுத்தட்டும்" என்கிறாள். அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. "நான் வர்ற வரைக்கும் கொளுத்தட்டும்."

சரி என்று போனை வைத்தேன். வெயில் ஹாலுக்குள் பாதி தூரம் வந்திருந்தது. நாற்காலியை அதற்குள் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.